மேல் வலிக்கு வாங்கிய மாத்திரை

பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிற வீடுகளில் மேல் வலிக்கு மாத்திரை போடுவதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை. பாவு பீம் (நெடுக்கு நூல் சுற்றிய கனமான உருளை) ஏற்றுவது, இறக்குவது, நூல் மூட்டை தூக்குவது என்று இடுப்புக்கு ஓய்வே கிடையாது. சாயங்காலம் மெடிக்கலில் போய் "மேலு வலிக்கு ரெண்டு குடுங்க" என்றால் அட்டையிலிருந்து கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். பெரும்பாலும் பாராசிட்டமாலோ டைக்ளோஃபெனாக்கோ இருக்கும். டைக்ளோஃபெனாக்கைத் தொடர்ந்து போட்டால் வயிறு புண்ணாகும், கிட்னி கெடும். ஆனால் அதற்கு யாரும் அடிமையாவதில்லை. சில மடிப்புகளில் டிராமடால் இருக்கும். அது வேறு வகை. அபினும் மார்ஃபினும் மூளையில் எந்த இடத்தைப் பிடிக்கின்றனவோ அதே இடத்தைப் பிடிக்கிற மருந்து அது. இந்த வகையை ஓபியாய்டு என்பார்கள்.

என் வீட்டுக்காரர் அதற்கு அடிமையாகி, பல வருஷம் அவஸ்தைப்பட்டு, இப்போது சிகிச்சையில் நன்றாக இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "எழுது அம்மிணி, ஊர்ப் பேரும் எம் பேரும் மட்டும் வேண்டாம்" என்றார். எங்கள் நிலைமையில் இருக்கிற இன்னொரு வீட்டுக்கு இது உதவும் என்று இருவருமே நினைக்கிறோம்.

ஆரம்பம் சாதாரணமானதுதான். நூல் சுற்றிய பீமை இரண்டு பேராகத் தூக்கும்போது எதிரில் பிடித்தவர் கை நழுவிவிட்டது. மொத்த பாரமும் இவர் பக்கம் சாய்ந்து இடுப்பில் பிடித்துக்கொண்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். எலும்பு டாக்டர் ஓய்வு, பெல்ட், அப்புறம் டிராமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை எழுதினார். ஐந்து நாளைக்குத்தான் எழுதினார். அந்தச் சீட்டில் ஒரு தப்பும் இல்லை, அப்போது இவருக்கிருந்த வலிக்கு அது தேவைதான். ஆனால் அந்த ஐந்து நாள் சீட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மாத்திரை வாங்க முடிந்தது. மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன சீட்டைப் பின்பக்கம் செல்லோ டேப் ஒட்டிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். தேதியைக் கடைக்காரர் ஒரு நாளும் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் சீட்டே தேவைப்படவில்லை, முகமே போதும்.

வலி குறைந்தது மட்டுமென்றால் அவர் விட்டிருப்பார். டிராமடாலில் இன்னொரு வேலையும் இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மருந்துகளைப் போல அதுவும் மூளையில் செரட்டோனினையும் நார்அட்ரினலினையும் கூட்டும். அதனால் போட்ட கொஞ்ச நேரத்தில் அசதி போய் ஒரு தெம்பு வரும். ஆள் கிடைக்காத காலம், பேங்க் லோனில் வாங்கிய தறி. பகல் ஷிப்ட் முடித்துவிட்டு ராத்திரியும் நின்றார். "சலிப்பே தெரியல" என்பார். பார்க்கிறவர்களுக்கும் உழைப்பாளி என்றுதான் தோன்றியது. போதை என்றால் தள்ளாடுவார்கள், வாடை வரும் என்றுதானே நமக்குத் தெரியும்? இது ஆளை வேலை செய்யவைத்த போதை.

போகப் போக எண்ணிக்கையும் ஏறியது. ஒரு மாத்திரையில் டிராமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்றால் டிராமடால் 450. ஒரு நாளைக்கு 400-ஐத் தாண்டக்கூடாது. பாராசிட்டமால் கிட்டத்தட்ட 4 கிராம், கல்லீரல் தாங்குகிற எல்லை. இந்தக் கணக்கெல்லாம் பின்னால் டாக்டர் போட்டுக் காட்டியது. அப்போது எனக்குத் தெரிந்த கணக்கு கூலி நோட்டில் இடித்த கணக்குதான். பால்காரருக்குக் கொடுப்பதைவிட மெடிக்கலுக்கு அதிகம் போய்க்கொண்டிருந்தது.

2018 ஏப்ரலில் மத்திய அரசு டிராமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கடைக்காரர்கள் பயந்தார்கள். வழக்கமான கடையில் "இனிமே கேக்காதீங்கண்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல சட்டம்தான். ஆனால் ஏற்கெனவே அடிமையானவர்கள் எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. இவருக்கு யாரோ ஒருவர் டேபென்டடால் மாத்திரையைக் காட்டினார். அதுவும் இதே வகை, இன்னும் வீரியம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இளவட்டங்கள் கரைத்து ஊசி போட்டுப் பிடிபடுகிற செய்தி வருகிறதே, அந்த மாத்திரைதான். இவர் ஊசி போடவில்லை, விழுங்கியதுதான். ஆனால் அந்தச் செய்தி வந்தபோது ஒரம்பரையில் (சொந்தபந்தத்தில்) சிலர் எங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துப் பேசினார்கள். எனக்கு அந்தப் பையன்கள் மேலும் கோபம் வருவதில்லை. மாத்திரையில் இருக்கிற மாவும் பசையும் ரத்தக்குழாயை அடைக்கும், ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் வரும். அவர்களுக்கும் தேவை ஆஸ்பத்திரிதான்.

வீட்டில் இருப்பவர்கள் எதையெல்லாம் பார்த்துச் சந்தேகப்படலாம் என்று கேட்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். கண்ணின் கருவிழி நடுவில் இருக்கிற புள்ளி, மங்கலான வெளிச்சத்திலும் கடுகு அளவுக்குச் சுருங்கியிருக்கும். மலச்சிக்கல் விடவே விடாது. வாரம் ஒரு முறை விளக்கெண்ணெய் கேட்பார். சாப்பாடு இறங்காது, வேர்வை கொட்டும், கணவன் மனைவி என்கிற நாட்டமும் போய்விடும். காலையில் எழுந்ததும் வரிசையாகக் கொட்டாவி, மூக்கில் நீர், கையில் மயிர்க்கூச்சம். சளி பிடித்திருக்கிறது என்று கஷாயம் வைத்துக் கொடுப்பேன். அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். கஷாயத்தால் சரியாகவில்லை என்பது தார் பெட்டியை (ஊடை நூல் சுற்றிய தார்களை வைக்கிற பெட்டி) ஒரு நாள் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது. நூல் தார்களுக்கு அடியில் காலி அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக. வெளியே போட்டால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சேர்த்துவைத்திருக்கிறார்.

அத்தைக்குச் சொன்னோம். அவர் அழுதுவிட்டு, "பழனிக்கு மாலை போடட்டும், முருகன் நிறுத்தித் தருவான்" என்றார். எங்கள் பக்கம் குடியை நிறுத்தியவர்கள் நிறையப் பேர் அப்படி மாலை போட்டு நிறுத்தியவர்கள்தான், அதனால் அந்த யோசனையை நான் குறை சொல்லமாட்டேன். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை கிளம்பினோம். மாலை போட்ட அன்றே மாத்திரையை மொத்தமாக விட்டுவிட்டார். குண்டடம் தாண்டுவதற்குள் கதை மாறிவிட்டது. வயிற்றுப்போக்கு, வாந்தி, தொடையில் எலும்புக்குள் குடைகிற வலி. ராத்திரி பந்தலில் எல்லோரும் படுத்திருக்கும்போது இவர் கால்கள் மட்டும் தானாக உதைத்துக்கொண்டே இருந்தன. இடையிடையே கரண்ட் அடித்த மாதிரி தலைக்குள் சுரீர் என்கிறது என்பார், காரணமே இல்லாமல் பயப்படுவார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கூட வந்தவர்கள் எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். தாராபுரத்தில் இறங்கி யாரையோ பிடித்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் மலை ஏறினார். சாமிக்கு முன்னால் நிற்க அவருக்கு முகமில்லை என்று பின்னால் பல நாள் சொன்னார்.

அவருக்குப் பக்தி குறைவாக இருந்ததால் நடந்ததல்ல இது. உடம்பு அந்த மருந்துக்கு ஏற்ப தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. இவரே பின்னால் தறிக்காரர் பாஷையில் சொன்னதுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது: "பாவு இழுத்து நிக்கறதுக்குப் பீமுல எடை தொங்கவிட்டு ஓட்டறோம். ஒரே நாள்ல எடையைக் கழட்டிட்டா துணி என்ன ஆகும்?" மாத்திரையை விட்ட முதல் நாளே ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் உடம்பு உபாதை பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கமில்லாததும் வெறுமையும் ஏக்கமும் வாரக்கணக்கில் நிற்கும். திரும்பப் போடவைப்பது அந்த இரண்டாவது கட்டம்தான். வைராக்கியத்தால் ஒரு வாரத்தைக் கடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் வருகிற மாதங்களை வைராக்கியத்தால் மட்டும் கடப்பது ரொம்பக் கஷ்டம்.

பிறகு ஒரு நாள் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்தார். நல்லவேளை, நூல் மூட்டை மேல் விழுந்தார். 108-ல் போனோம். "குடிப்பாரா? முன்னாடி வலிப்பு உண்டா?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். நான் தார் பெட்டி அட்டைகளைப் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். டியூட்டியில் இருந்த டாக்டர், சின்னப் பெண், அட்டைகளைப் பார்த்ததும் நிமிர்ந்து, "எத்தனை?" என்று கேட்டார். டிராமடால் அளவு மீறினால் வலிப்பு வரும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால் இன்னும் சுலபமாக வரும் என்று விளக்கினார். இவர் தூக்கம் வரவில்லை என்று வேறொரு இடத்தில் வாங்கிய மாத்திரையும் அந்த வகைதான். அந்த அட்டைகள் இல்லையென்றால் காக்கா வலிப்பு என்று மருந்து கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வெட்கத்தைப் பார்க்காமல் அட்டைகளை எடுத்துக்கொண்டு போங்கள்.

அதன் பிறகு கொழுந்தனாரும் என் அண்ணனும் சேர்ந்து ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். அந்த அனுபவத்தைச் சொல்லியே ஆகவேண்டும். உள்ளே போனதும் போனை வாங்கிவைத்துக்கொண்டார்கள். குறிப்பிட்ட நாள் வரை வீட்டார் பார்க்கக்கூடாது. காலையில் யோகா, பிரார்த்தனை, குடிகாரர்கள் மேடையேறித் தங்கள் கதையைச் சொல்வது. இவர் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தபோது கொடுத்தது ஒரு பாராசிட்டமால். சத்தம் போட்டவர்களைக் கட்டிலில் கட்டியதைப் பார்த்திருக்கிறார். மனநல டாக்டர் வருவார் என்றார்கள், ஒருவரும் வரவில்லை. நான் சண்டை போட்டுக் கூட்டிவந்தேன்.

2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மது, போதை சார்ந்த மனநலப் பிரச்சினைகளும் அடங்கும். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைக்க சட்டப்படி வழிமுறை உண்டு, சும்மா பூட்டிவைக்க முடியாது. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மனநல மருத்துவர் யார், எந்தெந்த நாள் வருவார், ஓபியாய்டு பிரச்சினைக்கு என்ன மருந்து கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு "மருந்தெல்லாம் வேண்டாம், மனசுதான்" என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்புங்கள். குடிக்கு ஏற்ற மையம் இதற்கும் ஏற்றதாக இருக்கும் என்றில்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சில வாரம் மாத்திரை இல்லாமல் இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து ஏக்கத்தில் பழைய எண்ணிக்கையைப் போட்டால் மூச்சு நின்றுபோகலாம். கூட மது அல்லது தூக்க மாத்திரை என்றால் ஆபத்து இரட்டிப்பு. எழுப்பினால் எழாமல், குறட்டை மாதிரி இழுத்து மெதுவாக மூச்சு வந்து, உதடு நீலம் பாரித்தால் அது தூக்கமல்ல. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன மாத்திரை என்று மறைக்காமல் சொல்லுங்கள். நலாக்ஸோன் என்ற ஊசி போட்டு மீட்டுவிடுவார்கள்.

கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. கோவை, பெருந்துறை, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் என்று நம் பக்கம் எல்லாத் திசையிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வலிக்காக எலும்புப் பிரிவுக்கே அலைந்த எங்களுக்கு, இதைப் பார்க்கிற இடம் மனநலப் பிரிவு என்பது தோன்றவே இல்லை. "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா?" என்று அத்தை பின்வாங்கினார். இவர்தான் முதன்முறையாக, "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, என்னால முடியல" என்றார்.

டாக்டர் முதலில் திட்டவில்லை. அதுவே பாதி சிகிச்சை. இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று நால்ட்ரெக்ஸோன். ஓபியாய்டு உட்காருகிற இடத்தை அடைத்துவைக்கிற மருந்து, மாத்திரை போட்டாலும் போதை ஏறாது. ஆனால் அதை ஆரம்பிக்க ஏழு முதல் பத்து நாளாவது உடம்பில் ஓபியாய்டே இருக்கக்கூடாது, இருந்தால் உபாதை பயங்கரமாகக் கிளம்பும். இன்னொன்று பூப்ரெனார்ஃபின். இதுவும் ஓபியாய்டு வகைதான், ஆனால் பாதி வேலைதான் செய்யும். உபாதையையும் ஏக்கத்தையும் அடக்கும், மேலே மேலே போட்டாலும் ஒரு எல்லைக்கு மேல் போதை ஏறாது. ஊசியாகப் போட்டுத் தப்பாகப் பயன்படுத்தாமலிருக்க அதோடு நலாக்ஸோனைச் சேர்த்து மாத்திரையாகத் தருகிறார்கள். விட்டு விட்டு மறுபடி விழுந்த கதையைக் கேட்டுவிட்டு இவருக்கு இரண்டாவது வழியைச் சொன்னார்.

அதை ஆரம்பிக்கிற நாள் ஒரு விநோதமான நாள். உபாதை நன்றாகத் தொடங்கின பிறகுதான் முதல் மாத்திரை. முந்தைய நாள் ராத்திரியிலிருந்து எதுவும் போடாமல் வரச்சொன்னார்கள். முன்கூட்டிப் போட்டால், உள்ளே இருக்கிற பழைய மருந்தை இது தள்ளிவிட்டு உட்கார்ந்து, அடக்குவதற்குப் பதில் உபாதையைக் கிளப்பிவிடும். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார். வழியில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் என்ன என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. நர்ஸ் நாடித்துடிப்பு, வேர்வை, கருவிழி, கொட்டாவி எல்லாம் பார்த்து மதிப்பெண் போட்டார். பிறகு 2 மில்லிகிராம் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். விழுங்கக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, பேசக்கூடாது. கரைய ஐந்து பத்து நிமிஷம் ஆகும். விழுங்கினால் வேலை செய்யாது. கசப்பில் அவர் முகம் கோணியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெரியவர், "வேப்பங்கொழுந்து மென்ன மாதிரி இருக்குதுங்களா?" என்று கேட்டார், இவரால் பதில் சொல்ல முடியவில்லை. முக்கால் மணி நேரத்தில் கால் உதைப்பது நின்றது. மத்தியானம் கேன்டீனில் தயிர்ச்சோறு கேட்டுச் சாப்பிட்டார். அவராகச் சாப்பாடு கேட்டு வெகு நாளாகியிருந்தது.

முதல் சில நாள் மருத்துவமனையிலேயே நர்ஸ் கண் முன்னால் மாத்திரை. அப்புறம் அளவைச் சரிசெய்து, நம்பிக்கை வந்த பிறகு வீட்டுக்குக் கொடுத்தார்கள். சாதாரண மெடிக்கலில் இது கிடைக்காது, போதை மீட்பு சிகிச்சை தருகிற இடங்களில்தான் தருவார்கள். அதனால் பஸ் செலவும் வேலை இழப்பும் உண்டு, அதைச் சேர்த்தே திட்டமிட வேண்டும். மாத்திரை என் பொறுப்பில், அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் பூட்டிய டப்பாவில். குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது, அவர்களுக்கு ஒன்றே உயிருக்கு ஆபத்து. கரைந்த பிறகு தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் கெடும். மலச்சிக்கல் இதிலும் உண்டு. மது அறவே கூடாது.

ஒரம்பரையிலிருந்து வந்த கேள்வி ஒன்றுதான்: "ஒரு மாத்திரையை விட்டு இன்னொரு மாத்திரையா? இது என்ன வைத்தியம்?" எனக்கும் ஆரம்பத்தில் உறுத்தியது. டாக்டர் என்னிடம் எதிர்க்கேள்வி கேட்டார்: இப்போது எண்ணிக்கை ஏறுகிறதா? ஒளித்துவைக்கிறாரா? கடன் வாங்குகிறாரா? வேலைக்குப் போகிறாரா, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா? எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்ததுதான். சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மாத்திரை போடுகிறவரை நாம் அடிமை என்று சொல்வதில்லை. இந்தச் சிகிச்சையும் மாதங்கள், பலருக்கு வருஷங்கள். அவசரப்பட்டு நிறுத்தியவர்கள்தான் அதிகம் திரும்பி விழுகிறார்கள்.

இவரும் நடுவில் ஒருமுறை சறுக்கினார். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் வாரக்கணக்கில் நின்றனவே, அப்போது. தறிச் சத்தம் இல்லாத குடோனில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவரைப் பழைய ஆள் தேடிவந்து பார்த்திருக்கிறார். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது இவரே சொல்லிவிட்டார். அளவைக் கொஞ்சம் கூட்டி, பழைய போன் நம்பர்களை அழிக்கச் சொல்லி, கவுன்சலிங்குக்கு அடிக்கடி வரச்சொன்னார்கள். யாரும் கேவலமாகப் பார்க்கவில்லை. அந்தக் கவுன்சலிங்கில்தான் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். வீட்டுப் பெண்களிடம் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்கிற இடங்கள் அதிகமில்லை.

சரி, இடுப்பு வலி? இது எங்களுக்கே ஆச்சரியம். வருஷக்கணக்கில் ஓபியாய்டு போட்டால் சிலருக்கு வலியை உணர்கிற நரம்புகள் இன்னும் கூர்மையாகி, சின்ன வலியும் பெரிதாகத் தெரியுமாம். பழைய மாத்திரையை விட்ட சில மாதங்களில் வலி கூடவில்லை, குறைந்தது. பிசியோதெரபியில் கற்றுக்கொடுத்த பயிற்சிகளைச் செய்கிறார், காலையில் நடக்கிறார். குடோனில் பீம் ஏற்ற வண்டி செய்துவிட்டோம், பக்கத்து லேத்தில் அடித்தது. அந்த வண்டி முதலிலேயே இருந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. நரம்பு வலிக்கென்று வேறு டாக்டர் ப்ரீகாபலின் எழுதினால், நம் டாக்டரைக் கேட்காமல் வாங்குவதில்லை. அதையும் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள், பூப்ரெனார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சையும் மந்தமாக்கும். பல் பிடுங்கப் போனாலும் ஆபரேஷன் என்றாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே சொல்லவேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு இன்னொரு பக்கம் விழுந்துவிடக்கூடாது. எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியம்மா புற்றுநோய் முற்றிய நிலையில் துடித்தார். டாக்டர் மார்ஃபின் எழுதியும், "அவனை மாதிரி ஆயிருவேன்" என்று வாங்க மறுத்துவிட்டார். நான் நேரில் போய் உட்கார்ந்து பேசினேன். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் அவசியமான மருந்து. நோயாளிகளுக்குச் சுலபமாகக் கிடைக்க வேண்டுமென்றே 2014-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். டாக்டர் பார்வையில், வலிக்கு ஏற்ற அளவில் எடுப்பது வேறு, எங்கள் வீட்டில் நடந்தது வேறு. கடைசி நாட்களில் அவர் எடுத்துக்கொண்டார், தூங்கினார்.

போலீஸ் பயமும் பலரைத் தடுக்கிறது. சிகிச்சைக்குப் போனால் பிடித்துக்கொடுத்துவிடுவார்கள் என்று இவரும் பயந்தார். மருத்துவமனை அதற்கான இடமல்ல. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவே, உபயோகித்த குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கியவர் தானாக அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சைக்கு முன்வந்தால் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் 14446-ஐக் கூப்பிடலாம், போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416 மனநல ஆலோசனைக்கு, தமிழில் பேசுவார்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் தொடங்கியது. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள். எங்கே போனாலும், வயிற்றில் மாத்திரை இருக்கும்போதே போய்விடலாம். நிறுத்திவிட்டு வருகிறேன் என்று காத்திருந்தால் நாள்தான் போகும்.

போன தடவை போனபோது டாக்டர் அளவை 4-லிருந்து 2 மில்லிகிராமாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். "தீபாவளி ஆர்டர் முடியட்டுங்க, அப்ப தூக்கம் கெட்டாலும் பரவால்லை" என்றார் இவர். டாக்டரும் சரி என்று பழைய அளவையே எழுதிக் கொடுத்தார்.